லினக்ஸ் மேசைக்கணினிச் செயலிகளின் பொதியாக்க வரலாறு

லினக்ஸ் பொதியாக்கம் என்பது, லினக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட ஒரு மென்பொருளைப் பயனர் தம் கணினியில் எளிதாக நிறுவவும், இயக்கவும், புதுப்பிக்கவும், வேண்டாதபோது மிச்சமின்றி நீக்கவும் ஏற்றவாறு கட்டி வழங்கும் முறையாகும். விண்டோஸ் கணினிக்கு ஒரு செயலியையோ விளையாட்டையோ எழுதியவர் ஒரே நிறுவல் கோப்பை உருவாக்கினால் பெரும்பாலும் போதும். லினக்ஸில் அப்படியன்று. ஒரே கருவகத்தின்மீது கட்டப்பட்ட டெபியன், ஃபெடோரா, உபுண்டு, ஆர்ச் போன்ற பல வழங்கல்கள் உள்ளன. ஒன்றுக்கென ஆக்கிய பொதி மற்றொன்றில் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. இச்சிக்கலைத் தீர்க்க முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் முயற்சிகளே இக்கட்டுரையின் பொருள். அம்முயற்சிகள் அனைத்தும் ஒரு கேள்வியையே சுற்றி வந்துள்ளன: மென்பொருளை எழுதியவருக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் நடுவில் நிற்பவர் யார், பழுது நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்?

பொதி, நிரலகம், சார்பு

எந்தச் செயலியும் எல்லா வேலைகளையும் தானே செய்துகொள்வதில்லை. திரையில் சாளரம் வரைய, ஒலி எழுப்ப, படக் கோப்பைத் திறக்க ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட நிரல் தொகுப்புகளை அது துணைக்கு அழைக்கிறது. இத்தொகுப்புகள் நிரலகங்கள் எனப்படும். ஒரு செயலி இயங்க எந்தெந்த நிரலகங்கள், எந்தப் பதிப்பில் தேவை என்பதே அதன் சார்பு. செயலியின் கோப்புகளோடு இச்சார்புப் பட்டியலையும் சேர்த்துக் கட்டியதே பொதி.

திருமண வீட்டுக்கு வரும் சமையல்காரரை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வீட்டிலுள்ள அண்டாவையும் அடுப்பையும் கொண்டே அவர் சமைக்கலாம். அப்போது சுமை குறைவு. ஆனால் வீட்டுக்கு வீடு பாத்திரங்களின் அளவு மாறும். எல்லாப் பாத்திரங்களையும் தாமே வண்டியில் ஏற்றியும் வரலாம். எந்த வீட்டிலும் சமையல் தடைப்படாது; சுமைதான் பன்மடங்காகும். கணினியில் உள்ள நிரலகங்களைப் பகிர்ந்து பயன்படுத்தும் பொதிகள் முதல் வகை. வேண்டிய நிரலகங்களைத் தம்முடனேயே கொண்டுவரும் பொதிகள் இரண்டாம் வகை. லினக்ஸ் பொதியாக்க வரலாறு பெரும்பாலும் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகையை நோக்கி நகர்ந்த வரலாறாகும்.

நிரலகங்களுள் முதன்மையானது குனூ சி நிரலகம். ஏறத்தாழ எல்லாச் செயலிகளும் இதைச் சார்ந்தவை. பழைய பதிப்போடு கட்டிய செயலி புதிய பதிப்பில் பெரும்பாலும் இயங்கும்; புதிய பதிப்போடு கட்டியது பழையதில் இயங்காமல் போகலாம். ஆகவே பல வழங்கல்களுக்கும் பொதுவாக ஒரு செயலியைத் தர விரும்புவோர், தாம் ஆதரிக்கும் வழங்கல்களுள் மிகப் பழையதில் வைத்தே அதைக் கட்டுவது வழக்கமாயிற்று.

நெகிழ்வட்டுக் காலம்

பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகத்து மாதம் தம் இயங்குதள முயற்சியை அறிவித்தார். அப்போது வெளிவந்தது கருவகம் மட்டுமே. அதைப் பயன்படுத்த விரும்பியவர் மற்ற கருவிகளைத் தாமே திரட்டி, மூலநிரலிலிருந்து கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1992 பிப்ரவரியில் மான்செஸ்டர் கணினி மையத்தில் ஓவன் லெ பிளாங்க் தொகுத்த எம்சிசி இன்டரிம் லினக்ஸ், நெகிழ்வட்டுகளிலிருந்து நிறுவக்கூடிய தொடக்ககால வழங்கல்களுள் ஒன்று. அதே ஆண்டில் பீட்டர் மெக்டொனால்டு வெளியிட்ட எஸ்எல்எஸ், எக்ஸ் சாளர முறைமையையும் சேர்த்துத் தந்தது.

எஸ்எல்எஸ் பரவலாகப் பயன்பட்டாலும் அதில் பிழைகள் மலிந்திருந்தன. அவற்றைத் திருத்தும் முயற்சியிலிருந்து 1993-இல் இரண்டு வழங்கல்கள் பிறந்தன. பேட்ரிக் வோல்கெர்டிங் சூலையில் ஸ்லாக்வேரை வெளியிட்டார். இயன் மர்டாக் ஆகத்தில் டெபியனை அறிவித்தார். இவ்விரண்டும் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. ஸ்லாக்வேரின் பொதி எளிய சுருக்கக் கோப்பு. அதில் சார்புப் பட்டியல் இல்லை. எது எதற்குத் தேவை என்பதைப் பயனரே அறிந்து நிறுவ வேண்டும்.

டெபும் ஆர்பிஎம்மும்

டெபியன் திட்டம் பொதி மேலாண்மைக்கென டிபிகேஜி என்ற கருவியை உருவாக்கியது. மர்டாக் தொடங்கிய இக்கருவியை 1994-இல் இயன் ஜாக்சன் சி மொழியில் திருத்தி எழுதினார். இதன் பொதிகள் டெப் எனப்பட்டன. மறுபுறம் ரெட் ஹாட் நிறுவனத்துக்காக மார்க் யூயிங், எரிக் டிரோன் இருவரும் ஆர்பிஎம் முறையை வடிவமைத்தனர். 1995-இல் வெளிவந்த ரெட் ஹாட் லினக்ஸின் 2.0 பதிப்பு அதைப் பயன்படுத்தியது. பிற்கால வழங்கல்களுள் பெரும் பகுதி இவ்விரு மரபுகளுள் ஒன்றைச் சேர்ந்தது. சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவாகி 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது; எனவே அது டெப் மரபு.

இக்கருவிகள் ஒரு பொதிக்கு என்ன தேவை என்று சொல்லின. தேவையானதைத் தேடிக் கொண்டுவரவில்லை. ஒரு செயலியை நிறுவப் போனால் ஒரு நிரலகம் இல்லை என்னும். அதைத் தேடிப் போட்டால் இன்னொன்று வேண்டும் என்னும். அது ஏற்கெனவே உள்ள வேறொன்றோடு மோதும். ‘சார்பு நரகம்’ என்று பயனர்கள் இதைக் குறிப்பிட்டனர்.

இதற்கான தீர்வு 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்புடன் வந்தது. அதில் இடம்பெற்ற ஆப்ட் கருவி, இணையத்தில் உள்ள களஞ்சியத்திலிருந்து வேண்டிய பொதியையும் அதன் சார்புகள் அனைத்தையும் தானே இறக்கி நிறுவியது. ஆர்பிஎம் மரபில் இவ்வேலையை யம் என்ற கருவி செய்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சேத் விடால் இதன் ஆக்கத்தில் முதன்மையானவர். பின்னாளில் கைப்பேசிகளில் பரவிய செயலிக் கடைகளின் கருத்து, லினக்ஸ் பயனர்களுக்கு இவ்வாறு முன்பே பழக்கமாகியிருந்தது.

களஞ்சிய முறையின் வளர்ச்சியை டெபியனின் எண்ணிக்கையே காட்டும். 1996-இல் வந்த டெபியன் 1.1 பதிப்பில் 474 பொதிகள் இருந்தன. 2023-இல் வந்த டெபியன் 12 பதிப்பில் 64,419 பொதிகள் உள்ளன. இவற்றின் பின்னால் பொதி பேணுநர்கள் எனப்படும் தன்னார்வலர்கள் உள்ளனர். மூலநிரலை எடுத்து, வழங்கலின் நிரலகங்களோடு பொருந்தச் செய்து, உரிமத்தைச் சரிபார்த்து, பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்ப்பவர்கள் அவர்களே.

விளையாட்டுகளும் லோக்கி நிறுவனமும்

களஞ்சிய முறைக்கு ஒரு வரம்பு இருந்தது. மூலநிரல் வெளிப்படையாக இருந்தால்தான் பேணுநர் அதை மீண்டும் மீண்டும் கட்ட முடியும். வணிக விளையாட்டுகளின் மூலநிரல் வெளிவருவதில்லை. அவை ஒருமுறை கட்டியபடியே இருக்க, சுற்றியுள்ள நிரலகங்கள் மட்டும் மாறிக்கொண்டே போகின்றன.

லினக்ஸுக்கு வணிக விளையாட்டுகள் வந்த தொடக்கம் 1994. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டூம் விளையாட்டை அங்குப் பணியாற்றிய டேவ் டெய்லர் லினக்ஸுக்கு மாற்றினார். 1997 டிசம்பரில் டூமின் மூலநிரல் வெளியிடப்பட்டபோது வெளிவந்தது இந்த லினக்ஸ் வடிவமே. டாஸ் வடிவத்தின் ஒலி நிரலகம் வேறொருவருக்கு உரிமையானதாக இருந்ததே காரணம்.

1998-இல் ஸ்காட் டிரேக்கர் கலிபோர்னியாவில் லோக்கி சாஃப்ட்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார். விண்டோஸுக்கு வந்த விளையாட்டுகளை உரிமம் பெற்று லினக்ஸுக்கு மாற்றிப் பெட்டியில் விற்பதே இதன் தொழில். 1999-இல் வந்த ‘சிவிலைசேஷன்: கால் டு பவர்’ இதன் முதல் வெளியீடு. ‘ரெயில்ரோடு டைகூன் 2’, ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’, ‘சிம்சிட்டி 3000’ ஆகியன தொடர்ந்தன. விற்பனை போதவில்லை. 2001 ஆகத்தில் திவால் பாதுகாப்புக் கோரிய நிறுவனம் 2002 சனவரியில் மூடப்பட்டது.

நிறுவனம் போனாலும் அதன் கருவிகள் நிலைத்தன. அங்குத் தலைமை நிரலாளராக இருந்த சாம் லாண்டிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் நிரலகம், வரைகலை, ஒலி, விசைப்பலகை ஆகியவற்றை எந்த இயங்குதளத்திலும் ஒரே முறையில் கையாள உதவுகிறது. இன்றைய எண்ணற்ற விளையாட்டுகள் இதன்மீதே கட்டப்படுகின்றன. முப்பரிமாண ஒலிக்கான ஓப்பன்ஏஎல் உருவானதிலும் லோக்கிக்குப் பங்குண்டு. எந்த வழங்கலிலும் தானே விரிந்து நிறுவிக்கொள்ளும் கோப்பை ஆக்கும் மேக்செல்ஃப் கருவியும் லோக்கியில் பணியாற்றிய ஒருவரின் ஆக்கமே.

லோக்கி விற்ற விளையாட்டுகளின் நிலை வேறு. அவற்றைக் கட்டியபோது இருந்த நிரலகங்களும் ஒலி முறைகளும் இன்றைய வழங்கல்களில் இல்லை. பணம் கொடுத்து வாங்கிய வட்டு கையில் இருந்தும், பழைய நிரலகங்களைத் தேடிச் சேர்த்தாலன்றிப் பல விளையாட்டுகள் தொடங்குவதே இல்லை. இப்படிப்பினையால் எஸ்டிஎல் பிற்காலத்தில் ஒரு வசதியைச் சேர்த்தது. விளையாட்டுக்குள்ளேயே பழைய எஸ்டிஎல் பதிந்திருந்தாலும், பயனர் விரும்பினால் புதிய பதிப்பை அதற்கு மாற்றாகத் தரலாம். எஸ்டிஎல்லின் 1.2 பதிப்புக்கு எழுதிய பழைய விளையாட்டுகளைப் பிந்தைய பதிப்பின்மீது இயக்கும் இணைப்பு நிரலகமும் எழுதப்பட்டது.

பொதுத் தரத்துக்கான முயற்சிகள்

எல்லா வழங்கல்களும் ஒரே அடித்தளத்தை ஒப்புக்கொண்டால் சிக்கல் தீரும் என்ற எண்ணத்தில் எல்எஸ்பி என்னும் லினக்ஸ் தர அடிப்படை உருவானது. இதன் 1.0 பதிப்பு 2001-இல் வெளிவந்தது. 2006-இல் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. எந்த நிரலகங்கள் இருக்க வேண்டும் என்று வரையறுத்த இத்தரம், பொதி வடிவமாக ஆர்பிஎம்மைக் குறிப்பிட்டது. டெபியன் மரபினருக்கு இது பொருந்தி வரவில்லை. இத்தரத்தை நம்பிச் செயலி வெளியிட்டவர்களும் மிகச் சிலரே. 2015-இல் டெபியன் இதற்கான ஆதரவைக் கைவிட்டது.

தன்னார்வலர்கள் வேறு வழிகளையும் முயன்றனர். மைக் ஹெர்ன் தொடங்கிய ஆட்டோபேக்கேஜ் எந்த வழங்கலிலும் நிறுவக்கூடிய பொதியை ஆக்க முனைந்தது, 2005-இல் 1.0 பதிப்பை எட்டியும் பரவலாகவில்லை. இதற்கு மாறாக, 2000-இல் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் முயற்சி சிறியதொரு செயலில் வெற்றி கண்டது. செயலியின் பெயர், சின்னம், இயக்கும் கட்டளை ஆகியவற்றைக் கொண்ட ஒரு சிறு உரைக்கோப்பின் வடிவத்தை அது வரையறுத்தது. குனோம், கேடிஇ ஆகிய இரு சூழல்களின் பட்டியிலும் ஒரே கோப்பால் செயலி தோன்றியது.

ஸ்டீம் வந்த பின்

2010 மே மாதம் நடந்த முதல் ஹம்பிள் இண்டி விற்பனையில், சிறு நிறுவனங்களின் விளையாட்டுகள் விரும்பிய விலைக்குத் தரப்பட்டன. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் அவை கிடைத்தன. லினக்ஸ் பயனர்கள் சராசரியாகத் தந்த தொகை மற்ற இரு பிரிவினரைவிடக் கூடுதலாக இருந்தது. இலவசத்தை மட்டுமே நாடுவோர் என்று லினக்ஸ் பயனர்களைப் பற்றி நிலவிய எண்ணத்தை இது மாற்றியது.

வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் விற்பனைத் தளத்தை 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கு வெளியிட்டது. வழங்கல்களின் வேறுபாட்டைச் சமாளிக்க அது கண்ட வழி, ஸ்டீம் இயக்கச் சூழல். உபுண்டு 12.04 பதிப்பின் நிரலகங்களை எடுத்து ஒரே தொகுப்பாக்கி, ஸ்டீமுடன் சேர்த்து வழங்கியது. விளையாட்டை எழுதுபவர் அத்தொகுப்பை மட்டும் கருத்தில் கொண்டால் போதும். பயனரிடம் எந்த வழங்கல் உள்ளது என்ற கவலை வேண்டாம். சமையல்காரர் ஒவ்வொருவரும் பாத்திரம் சுமந்து வராமல், எல்லோருக்கும் பொதுவான ஒரு தொகுதியை ஒரு நிறுவனம் வீட்டுக்கு வீடு அனுப்பி வைப்பதற்கு இதை ஒப்பிடலாம். பின்னர் வந்த தொகுப்புகள் டெபியன் 10, 11 பதிப்புகளை அடிப்படையாகக் கொண்டன. இவை கணினியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரிக்கப்பட்ட கொள்கலனுக்குள் இயங்குகின்றன.

நடுவில் நிற்பவரின் பொறுப்பு

பொதி பேணுநர்களின் நற்பணியோடு அதன் மறுபக்கமும் பதிவாகியுள்ளது. மறைக்குறியீட்டுக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நீக்குவதற்காக 2006-இல் டெபியன் பொதியில் சில வரிகள் நீக்கப்பட்டன. அதனால் சாவிகள் உண்மையான தற்செயல் எண்களிலிருந்து பிறக்காமல், ஊகிக்கத்தக்க சிறு எண்ணிக்கைக்குள் அடங்கின. 2008 மே மாதம் இது வெளிப்பட்டபோது, டெபியனிலும் உபுண்டுவிலும் ஆக்கிய சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. மூல ஆசிரியர்களின் வெளியீட்டில் இப்பிழை இல்லை.

பழைய பதிப்பு நெடுநாள் நிலைப்பதும் பூசலுக்குக் காரணமானது. நிலைத்த பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்கள் தவிரப் புதியன சேர்ப்பதில்லை என்பது டெபியனின் கொள்கை. திரைக்காப்புச் செயலியான எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிய ஜேமி சவின்ஸ்கி, தாம் எப்போதோ திருத்திவிட்ட பிழைகளுக்காகப் பயனர்கள் தம்மிடமே முறையிடுவதைச் சுட்டி, புதுப்பிக்காவிட்டால் தம் செயலியை டெபியனிலிருந்து நீக்குமாறு 2016-இல் கோரினார். 2025-இல் இதே போன்ற வழக்கு மீண்டும் எழுந்தது. ஃபெடோரா தானே கட்டி வழங்கிய ஓபிஎஸ் ஸ்டுடியோ பொதி பழுதுற்றிருப்பதாகக் கூறிய அதன் ஆக்கக் குழுவினர், தம் பெயரையும் சின்னத்தையும் அதிலிருந்து நீக்கக் கோரினர். சட்ட நடவடிக்கை என்ற அளவுக்குச் சென்ற பூசல் பின்னர் பேச்சில் தீர்ந்தது.

எழுதுபவரின் தரப்பை டோர்வால்ட்ஸே எடுத்துரைத்ததும் உண்டு. முக்குளிப்போருக்கான சப்சர்ஃபேஸ் என்ற செயலியை அவர் 2011-இல் தொடங்கினார். 2014-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் நடந்த டெபியன் மாநாட்டில், விண்டோஸுக்கும் மேக்குக்கும் தாம் இருமக் கோப்பு வெளியிடுவதாகவும், வழங்கலுக்கு வழங்கல் தனித்தனியே கட்டுவது பெருந்தொல்லையாக இருப்பதால் லினக்ஸுக்கு வெளியிடுவதில்லை என்றும் கூறினார். லினக்ஸை உருவாக்கியவரின் செயலிக்கே இந்நிலை என்பது பலரையும் சிந்திக்க வைத்தது.

ஆப்இமேஜ், ஸ்னாப், ஃபிளாட்பேக்

இன்று வழக்கிலுள்ள பொதுப் பொதி முறைகள் மூன்று.

ஆப்இமேஜ்: சைமன் பீட்டர் 2004-இல் தொடங்கிய கிளிக் திட்டத்தின் வளர்ச்சி. செயலியும் அதன் நிரலகங்களும் ஒரே கோப்பில் அடங்கும். நிறுவ வேண்டியதில்லை, கோப்பை இறக்கி, இயக்க அனுமதி தந்து, சொடுக்கினால் போதும். நீக்குவதற்குக் கோப்பை அழித்தால் போதும். சப்சர்ஃபேஸும் இவ்வடிவில் கிடைக்கிறது. மையக் களஞ்சியம் இல்லாததால் புதுப்பித்தல் பெரும்பாலும் பயனர் பொறுப்பே.

ஸ்னாப்: உபுண்டுவை வழங்கும் கெனானிக்கல் நிறுவனத்தின் ஆக்கம். 2016-இல் உபுண்டு 16.04 பதிப்புடன் மேசைக்கணினிக்கு வந்தது. தானே புதுப்பித்துக்கொள்ளும். இதன் கடையை நடத்தும் சேவையக நிரல் கட்டற்றதன்று. அந்தக் கட்டுப்பாடு ஒரே நிறுவனத்திடம் இருப்பதை ஏற்காத லினக்ஸ் மின்ட், 2020-இல் வந்த தன் 20-ஆம் பதிப்பில் ஸ்னாப்பை இயல்பாக நிறுவ முடியாதபடி தடுத்தது.

ஃபிளாட்பேக்: அலெக்சாண்டர் லார்சன் உருவாக்கியது. எக்ஸ்டிஜி-ஆப் என்ற பெயரில் வந்து 2016-இல் பெயர் மாறியது. பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் இயக்கச் சூழல்களைத் தனியே வைத்து, செயலிக்கே உரிய நிரலகங்களை மட்டும் பொதியில் சேர்க்கிறது. செயலி தனி வேலிக்குள் இயங்கும். பயனரின் கோப்புகளைத் தொட அனுமதி வேண்டும். ஃபிளாட்ஹப் இதன் முதன்மைக் களஞ்சியம்.

நிரலகங்களைத் தம்முடன் கொண்டுவரும் முறையின் குறை 2023 செப்டம்பரில் தெளிவாகத் தெரிந்தது. வெப்பி வடிவப் படங்களைத் திறக்கும் நிரலகத்தில் கடுமையான பாதுகாப்புப் பிழை கண்டறியப்பட்டது. களஞ்சிய முறையில் ஒரு நிரலகத்தைப் புதுப்பித்தவுடன் அதைப் பகிர்ந்துகொண்ட செயலிகள் யாவும் காப்பு பெற்றன. தம்முள் தனிப்படி வைத்திருந்த செயலிகளோ ஒவ்வொன்றாகத் திருத்தப்பட வேண்டியிருந்தன. களஞ்சியத்தின் சரிபார்ப்பும் ஒரு காவலே. 2018 மே மாதம் ஸ்னாப் கடையில் இருந்த ஒரு சிறு விளையாட்டுக்குள், பயனர் அறியாமல் மறையீட்டு நாணயம் ஈட்டும் நிரல் ஒளிந்திருந்தது கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது.

புரோட்டானும் இயல்பு வடிவங்களும்

விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் இயக்கும் வைன் திட்டம் 1993-இல் தொடங்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு வால்வ் 2018 ஆகத்தில் புரோட்டானை வெளியிட்டது. விண்டோஸுக்கென விற்கப்படும் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள், எழுதியவர் எதுவும் செய்யாமலே லினக்ஸில் இயங்கத் தொடங்கின. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினி இம்முறையை நம்பியே விற்பனைக்கு வந்தது.

இதன் விளைவாக லினக்ஸுக்கென்றே கட்டும் இயல்பு வடிவங்களின் தேவை கேள்விக்குள்ளானது. ராக்கெட் லீக் விளையாட்டின் லினக்ஸ், மேக் வடிவங்களுக்கான ஆதரவை 2020-இல் நிறுத்திய அதன் ஆக்க நிறுவனம், அவ்விரு தளங்களிலும் சேர்த்து 0.3 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே ஆடுவதாகக் காரணம் கூறியது. விண்டோஸ் வடிவத்தைப் புரோட்டான் வழி இயக்கலாம் என்பதே எஞ்சிய வழி. லினக்ஸில் நிலையான இடைமுகம் விண்டோஸினுடையது மட்டுமே என்ற கேலி நிரலாளர்களிடையே வழங்குகிறது. 2022-இல் குனூ சி நிரலகத்தின் 2.36 பதிப்பில் வந்த ஒரு மாற்றத்தால், ஏமாற்றுத் தடுப்புக் கருவியைச் சார்ந்த சில விளையாட்டுகள் ஓடாமல் போனபோது அக்கேலிக்கு வலுச் சேர்ந்தது.

மதிப்பீடு

பழைய விண்டோஸ் விளையாட்டு வைன் வழியாக இன்றும் இயங்க, அதே காலத்து லினக்ஸ் வடிவம் நின்றுபோவது முரணாகத் தோன்றலாம். காரணம் தொழில்நுட்பத் திறக்குறைவன்று. மூலநிரல் கையில் இருக்கும், வேண்டும்போது மீண்டும் கட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் லினக்ஸ் வழங்கல்கள் வளர்ந்தன. அந்நம்பிக்கை பொருந்தும் இடத்தில் அவை சிறப்பாகவே செயல்பட்டுள்ளன. மூலநிரல் வெளியான டூம் இன்றும் எல்லா வழங்கல்களிலும் ஓடுகிறது; மூலநிரல் வெளிவராத லோக்கி விளையாட்டுகள்தான் தடுமாறுகின்றன.

எனவே களஞ்சியப் பொதியும் கொள்கலப் பொதியும் ஒன்றையொன்று அழிக்கும் முறைகள் அல்ல. இயங்குதளத்தின் அடிப்படைக் கருவிகளுக்கும் கட்டற்ற செயலிகளுக்கும், பேணுநரின் கண்காணிப்பும் ஒரே இடத்தில் செய்யும் திருத்தமும் பயன் தருகின்றன. விரைவாக மாறும் செயலிகளுக்கும் மூலநிரல் வெளிவராத விளையாட்டுகளுக்கும் மாறாத இயக்கச் சூழல் தேவைப்படுகிறது. எம்முறையைத் தேர்ந்தாலும், பாதுகாப்புப் பிழை வரும் நாளில் அதைத் திருத்த வேண்டியவர் யார் என்பதை அறிந்து தேர்வதே பயனருக்கும் ஆக்குநருக்கும் இவ்வரலாறு தரும் படிப்பினை.